சும்மா இருப்பது எளிதா?

உலகத்தில் மிகவும் கடினமான காரியம் எது என்று கேட்டால், சும்மா இருப்பதுதான் என்று நம் பெரியவர்கள் தயங்காமல் சொல்லியிருக்கிறார்கள். தாயுமானவர் அதற்காக ஏங்கியிருக்கிறார். அருணகிரிநாதருக்கு முருகப்பெருமான் செய்த உபதேசமே அதுதான் என்பது ஐதிகம். ஐம்பது பிள்ளைகளை ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைக்க முயன்று பார்த்த உபாத்தியாயர் எவரும் இதற்கு வேறு அத்தாட்சி கேட்கமாட்டார். ஆனால் நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஆத்ம விசாரம் அன்று. மோட்டார் வண்டி விசாரம். அறுபது எழுபது குதிரைகளின் பலத்தோடு மேம்பாலம் ஏறி இறங்குகிற வண்டி, சிவப்பு விளக்கின் முன்னால் ஒரு நிமிஷம் சும்மா நிற்கச் சொன்னால் மட்டும் உறுமுகிறது, நடுங்குகிறது, கடைசியில் உயிரையே விட்டுவிடுகிறது. இது ஏன் என்பதுதான் கேள்வி.

நாம் குடியிருப்பது பொழிச்சலூர். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டிய ஊர். ஆகாய விமானங்களின் அடிவயிற்றைப் பார்த்தே மணி சொல்லக்கூடியவர்கள் எங்கள் தெருவில் பலர் உண்டு. ஊருக்கு இன்னொரு பிரசித்தியும் உண்டு. இங்குள்ள அகஸ்தீசுவரர் ஆலயத்தை வட திருநள்ளாறு என்று சொல்லுவார்கள். சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால், எள் தீபம் ஏற்ற வந்த அன்பர்களின் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகையால் நமது வண்டிக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி பரவியதும், எதிர்வீட்டு நண்பர், "வண்டி வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சா? ஏழரைச் சனியேதான் சார்! கோயில் பக்கத்திலேயே இருக்கு, ஒரு தீபம் போட்டுடுங்க" என்று ஆலோசனை கூறினார். அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மற்றப் பாதியைப் பற்றி நாம் விசாரிக்கவில்லை.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத காரணம் ஒன்று நம் வீட்டில் இருந்தது. நம் தாயாருக்கு வயது எழுபத்தொன்று. சிறுநீரகங்கள் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போது பேசிக்கொண்டே போவார். திரும்பும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி பின் ஆசனத்தில் சாய்ந்திருப்பார். அந்த நிலையில் அவரைப் பேருந்தில் ஏற்றி இறக்குவது என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் அன்று. வாடகை வண்டிக்காரர்களோ பொழிச்சலூர் என்றதும், "அவ்வளவு உள்ளே வர முடியாது சார்" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்தப் பழைய வண்டி நமக்குச் சௌகரியமான சாமான் என்பதைவிட மருந்துப் பெட்டியைச் சேர்ந்த சாமான் என்று சொல்வதே பொருந்தும்.

வியாதியின் லட்சணம் இதுதான். காலையில் கிளப்பும்போது வண்டி சாது. பம்மலைத் தாண்டி, பல்லாவரம் போய்ச் சேர்ந்து, இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு ஆரம்பிக்கும் கூத்து. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால், நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றில் அடங்கி நிற்கவேண்டிய இயந்திரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறும், உடனே அறுநூறுக்கு விழும், மறுபடியும் ஏறும். யாரோ மிதித்து மிதித்து விடுவதுபோல் ஒரு ஏற்ற இறக்கம். இப்படி ஏழெட்டுத் தடவை ஊஞ்சலாடிவிட்டு, குளிர்சாதனத்தை முடுக்கினாலோ, நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பினாலோ, பட்டென்று அணைந்துபோகும்.

ஒருநாள் ஜி.எஸ்.டி. சாலையில் வலப்புறம் திரும்புவதற்காக வேகம் தணிந்தபோது, பாதித் திருப்பத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. பின்னால் ஒரு மணல் லாரி. இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். இக்காலத்து வண்டிகளில் பிரேக்கை அழுத்துவது நம் கால் மாத்திரம் அன்று. இயந்திரம் காற்றை உள்ளே இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தின் பலமும் சேர்ந்தே அழுத்துகிறது. இயந்திரம் நின்ற பிறகு, சேமித்து வைத்த வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பிரேக் கருங்கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் அப்படியே கனத்துவிடும். இரண்டும் வேலை செய்யாமல் போவதில்லை. பலமாக அழுத்தினால், பலமாகத் திருப்பினால், கட்டாயம் கேட்கும். ஆனால் இதை அறியாதவர்கள் 'பிரேக் போய்விட்டது' என்று கலங்கிக் காலை எடுத்துவிடுவார்கள்; ஆபத்து அதில்தான் இருக்கிறது. லாரி டிரைவர் நல்லவர். ஹாரனை அலறவிட்டபடி ஒதுக்கிக்கொண்டு போனார். பின் ஆசனத்திலிருந்து தாயார், "ஏண்டா, இதுக்கும் என்னைப்போல மூச்சு முட்டுதோ?" என்று கேட்டார்.

வண்டியை ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறையில் காபி கொடுத்தார்கள். வண்டிக்குள் ஒரு கருவியைச் செருகினார்கள். 'பி 0507' என்று ஓர் எண் வந்தது. ஓய்வு வேகம் இருக்கவேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது என்பது அந்த எண்ணின் பொருள். இதை நாமே அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தோம்! "திராட்டில் பாடி முழுவதையும் மாற்றவேண்டும் சார், கூலியோடு இருபத்திரண்டாயிரம் ஆகும்" என்று அச்சிட்ட தாளை நீட்டினார்கள். மாற்றினால் நிச்சயமாகச் சரியாகுமா என்று கேட்டோம். "மாற்றிப் பார்க்கலாம் சார்" என்றார் அந்த இளைஞர். 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு இருபத்திரண்டாயிரம் அதிகம் என்று நமக்குத் தோன்றிற்று. ஜுரம் என்று போனவனுக்கு உஷ்ணமானி வைத்துப் பார்த்து, "உனக்கு ஜுரம்" என்று சொல்லி அனுப்புவதை யாரும் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இனி, அந்தத் திராட்டில் என்பது என்ன என்று சிறிது பார்ப்போம். பெட்ரோல் இயந்திரம் பெட்ரோலைக் குடித்து ஓடுகிறது என்று எல்லோரும் எண்ணுகிறோம். நிறுத்துப் பார்த்தால் அது காற்றைக் குடித்துத்தான் ஓடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது நாம் திறப்பது பெட்ரோல் குழாயை அன்று, காற்றுக் கதவை. உருண்டையான குழாயின் நடுவே ஒரு தகடு அச்சில் சுழல்கிறது. அதுதான் திராட்டில். காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ளும். முழுவதும் மூடினால் இயந்திரம் மூச்சடைத்துச் செத்துப்போகும் அல்லவா? அதற்காகப் பக்கத்தில் சிறியதொரு சந்து வைத்து, மின்சாரத்தால் நகரும் ஒரு ஊசியைக் காவலாக நிறுத்தியிருக்கிறார்கள். எவ்வளவு காற்று விட்டால் எண்ணூறு சுற்றில் நிற்குமோ, அவ்வளவு மட்டும் அந்த ஊசி விடும். குளிர்சாதனம் ஓடத் தொடங்கினால் சற்றுக் கூடுதலாக விடும். இப்போது வரும் வண்டிகளில் சந்தும் இல்லை, ஊசியும் இல்லை, காலிலிருந்து போகும் கம்பிக் கயிறும் இல்லை. மிதியில் இரண்டு உணர்விகள் இருந்து நம் விருப்பத்தைக் கணிப்பொறிக்குச் சொல்ல, ஒரு சின்ன மோட்டார் தகட்டை வேண்டிய அளவு திருப்புகிறது. இரண்டு உணர்விகளும் ஒன்றுக்கொன்று முரணாகச் சாட்சி சொன்னால் கணிப்பொறி இருவரையும் நம்பாது. வண்டியை நொண்டி நடையில் மட்டும் போகவிடும். சாட்சிகள் விஷயத்தில் நமது நியாயஸ்தலங்களுக்கு உள்ள பொறுமை அதற்குக் கிடையாது.

எங்கள் ஊர்ப்பக்கம் மோட்டார் சரித்திரத்தில் சாமானியமான இடம் அன்று. தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர். இன்று வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நிற்கும் அவ்விடத்தில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற அழகிய சிறு வண்டி அங்கிருந்து வெளிவந்தது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியோ, இங்கிலாந்து ரோவரின் நாகரிகமான உடம்புக்குள் பழைய காலத்து இயந்திரத்தை வைத்துக்கொண்டு பெட்ரோலை அண்டா அண்டாவாகக் குடித்தது. சில வருஷங்களில் தொழிற்சாலையும் மூடியது. இன்னும் தெற்கே மறைமலைநகரில் யூகல் நிறுவனத்தார் ஜப்பான் தேசத்து மிகுனி நிறுவனத்தின் கூட்டுறவோடு கார்புரேட்டர்கள் செய்தார்கள். மாருதி வண்டிகளுக்கு மூச்சுக் கொடுத்தவர்கள் அவர்கள்.

கார்புரேட்டர் காலத்தில் இந்த ஓய்வு வேக வியாதிக்கு வைத்தியம் ஒரு திருப்புளியில் இருந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் பெட்ரோலைத் தூவிக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைச் செய்ததிலிருந்து, நூறு ஆண்டுக்கு மேல் உலகம் அந்த முறையில்தான் ஓடிற்று. இரண்டு திருகுகள்: ஒன்று வேகத்துக்கு, மற்றொன்று கலவைக்கு. மெக்கானிக் வண்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, வீணைக்குச் சுருதி கூட்டுகிறவரைப்போல் திருகைக் கால் சுற்று இப்படியும் அரைக்கால் சுற்று அப்படியும் திருப்புவார். இயந்திரத்தின் குரல் மென்மையாகும் இடத்தில் விட்டுவிடுவார். 1998-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹ்யூண்டாய் சாண்ட்ரோ பெட்ரோலை ஊசிமூலம் பீய்ச்சும் முறையோடு வெளிவந்தது. 2000-ல் நாடெங்கும் புகை விதிகள் இறுகின. மாருதியும் மாறிற்று. திருகுகள் போய்விட்டன, சுருதி கூட்டுகிற வேலையைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனால், அந்தப் பழைய கார்புரேட்டர்களை இன்றும் சாக்கின்மேல் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்கலாம். பித்தளை மூக்கும் உலோக உடம்புமாக, அருங்காட்சியகத்தில் இருக்கவேண்டியவை வெயிலில் காய்கின்றன.

நமக்குக் கடைசியில் வாய்த்த வைத்தியர், அந்தச் சுருதி கூட்டும் தலைமுறையைச் சேர்ந்தவர். பம்மல் பக்கத்தில், வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு தொழில் செய்கிறவர். வயது அறுபதுக்கு மேல். சிறுவனாக எடுபிடி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹெரால்டு வண்டிகளில் கைபழகியவர். அவரிடம் உதவியாளாக ஒரு பையன். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துத் தேறியவன்.

பெரியவர் பேட்டையை உடனே திறக்கவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்து நம்மைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "சூட்டுலயா சார், கூல்லயா?" சூட்டில். "ஏ.சி. போட்டாவா, போடாமலேயா?" இரண்டிலும். "மழை நாள்ல ஜாஸ்தியா?" இல்லை. "பேட்டரி எப்பனா கழட்டுனீங்களா?" இல்லை. "ஓடும்போது இழுவை குறையுதா, மிஸ்ஸிங் இருக்கா?" இல்லை, ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு வியாதியின் பெயர் ஒளிந்திருந்தது என்பது அவர் பிறகு விளக்கியபோதுதான் புரிந்தது. மழை நாளில் அதிகமானால் தீப்பொறிக் கம்பிகளிலோ காயில்களிலோ ஈரம். பேட்டரியைக் கழற்றியிருந்தால் கணிப்பொறி தான் பழகிய ஓய்வு அளவை மறந்திருக்கும், மறுபடி பழக்கவேண்டும். ஓட்டத்தில் வெட்டி வெட்டி இழுத்தால் பிளக்கையோ பெட்ரோல் பம்பையோ பார்க்கவேண்டும். மிதியை மெதுவாக அழுத்தும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குதித்தால், திராட்டில் தகட்டின் நிலையைச் சொல்லும் உணர்வி அந்த இடத்தில் தேய்ந்திருக்கும். பெரும்பாலான உணர்விகளில் தகடு மூடியிருக்கும்போது சுமார் அரை வோல்ட்டும், முழுவதும் திறந்தால் சுமார் நாலரை வோல்ட்டும் வரும். நடுவில் படிப்படியாக ஏறவேண்டும். நாம் தினம் ஓட்டுகிற வேகத்தில் தகடு எங்கே நிற்குமோ, அந்த இடத்திலேதான் தேய்மானம். வீட்டு வாசற்படியும் நடுவில்தான் தேய்கிறது.

எதிர்பாராத கேள்வி ஒன்றும் கேட்டார்: "இந்த வண்டி 2015 வெள்ளத்துல நின்னுச்சா?" 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கமாட்டார்கள். விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏரியாகி, சில நாள் விமானங்கள் பறக்கவில்லை. அப்போது முழுகிய வண்டிகளில் பல, காய்ந்து ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்துப் பைத்தியம் பிடித்தவைபோல் நடந்துகொண்டனவாம். மின்சார இணைப்புகளின் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, உணர்விகள் பொய் சொல்ல ஆரம்பித்ததே காரணம். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் நின்ற வண்டியை அவசரப்பட்டுக் கிளப்பக்கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது; ஸிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். நமது வண்டி அந்த வெள்ளத்தில் நம் மாமனார் வீட்டு மேட்டில் தப்பியிருந்தது.

கேள்விகள் முடிந்த பிறகே பேட்டை திறந்தது. முதலில் திராட்டில் தகட்டை நீக்கிப் பார்த்தார். நெய்விளக்கின் மேல் பிடித்த கரண்டியைப்போல் கரி அப்பியிருந்தது. இயந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து வரும் எண்ணெய் ஆவி நாளடைவில் இப்படிப் படிகிறது. கரி தடித்தால் காற்றுச் சந்து குறுகும். வண்டி ஓய்வில் அணைந்துபோகும். மருந்து அடித்துத் துணியால் துடைத்தார்கள். (மோட்டாரால் திரும்பும் புது மாதிரித் தகடாக இருந்தால் விரலால் தள்ளக்கூடாது, உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் முறிந்துபோகும் என்று பையன் நமக்குத் தனியே சொன்னான்.) மறுபடி கிளப்பி, சூடேற்றினார்கள். ஊஞ்சல் அப்படியே ஆடிற்று.

"அதான் நெனச்சேன். அடைப்பா இருந்தா வேகம் கொறையணும், இது கூடுது" என்றார் பெரியவர்.

அப்போது பையன் ஒரு காரியம் செய்தான். தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை வண்டியில் செருகி, தன் கைபேசியில் எண்களைப் பார்த்தான். பணிமனையில் செய்ததும் இதுதானே என்று நினைக்கலாம். ஆனால் அங்கே வியாதியின் எண்ணைப் படித்ததோடு சரி. இவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காவல் ஊசி எத்தனை படி திறந்திருக்கிறது என்று பார்த்தான். "பெரியப்பா, ஜீரோவுல நிக்குது! அப்பவும் ஆயிரத்து முந்நூறு ஓடுது!" என்றான்.

பௌதிகம் போதிக்கிற நமக்கு உடம்பு சிலிர்த்தது. தகடு மூடியிருக்கிறது, ஊசியும் சந்தை முழுவதும் மூடிவிட்டது. கணிப்பொறி தன்னால் ஆனமட்டும் மூச்சை அடக்கிப் பார்க்கிறது. அப்படியும் இயந்திரம் வேகமாக ஓடுகிறது என்றால், காற்று வாசல் வழியாக வரவில்லை. சுவரில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு வாசற்கதவையும் காவற்காரனையும் மாற்றியிருந்தால் ஓட்டை அப்படியே இருந்திருக்கும்!

ஊஞ்சலாட்டத்தின் மர்மமும் இதில் அடங்கியது. கள்ளக் காற்று உள்ளே போகிறது, கணிப்பொறி உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலும் விடுகிறது, வேகம் ஏறுகிறது. மூடிய தகட்டோடு வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால், 'வண்டி இறக்கத்தில் போகிறது போலும், பெட்ரோல் தேவையில்லை' என்று எண்ணிக் கணிப்பொறி பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுகிறது, பயந்து மறுபடி விடுகிறது. மறுபடி ஏற்றம். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அந்த வரம்பு உயரத்தில் இருக்கும்; ஓய்வு வேகமும் எப்படியும் கூடுதல். அதனால்தான் காலையில் வண்டி சாதுவாக இருந்தது.

இது மோட்டாருக்கு மாத்திரம் உள்ள வியாதி அன்று. 1788-ல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்துக்குச் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் அகன்று எழும்பி நீராவியைக் குறைக்கும்; வேகம் குறைந்தால் தாழ்ந்து நீராவியைக் கூட்டும். அத்தகைய கருவிகளில் சில ஒரு நிலையில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்தன. ஆங்கிலப் பொறியியலார் இதற்கு வேட்டையாடுதல் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1868-ல் மகா மேதையான மாக்ஸ்வெல் இதைக் கணிதத்தில் போட்டு, எந்த நிலைமையில் அலைச்சல் தானே அடங்கும், எந்த நிலைமையில் வளர்ந்துகொண்டே போகும் என்று காட்டினார். அந்தக் கட்டுரையைக் கல்லூரி நாட்களில் நாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். அதன் பொருள் பம்மல் வேப்பமரத்தடியில் விளங்கும் என்று யார் கண்டது?

ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே என்பது பாக்கி. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது ஒரு வழி. புகையைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது நல்ல வழி. அதற்குக் கருவி வேண்டும். எரியக்கூடிய திரவத்தைப் பீய்ச்சி, இயந்திரத்தின் குரல் மாறுகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. கொதிக்கும் இயந்திரத்தின்மேல் அதைச் செய்வது தீயோடு விளையாடுவதுதான். நேயர்கள் வீட்டில் முயலவேண்டாம். பெரியவர் ஒரு முழ நீளமுள்ள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இயந்திரத்தின்மேல் இங்கும் அங்கும் நகர்த்தினார். டாக்டர்கள் மார்பில் வைத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் நின்றார். "காத்து எடுக்குது சார். உஸ்ஸுனு கேக்குது, நீங்களே பாருங்க."

கேட்டது. பூனை சீறுவதுபோல் மெல்லிய ஒலி.

ஆனால் அந்த இடத்தில் மூன்று குழாய்கள் நெருக்கமாக இருந்தன. பெரியவர் முதலில் பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயைத் துணி சுற்றிய இடுக்கியால் நெரித்தார். மாற்றமில்லை. "இது நல்லா இருக்கு, அம்மாவ தைரியமா கூட்டிட்டுப் போங்க" என்றார். அடுத்து, இயந்திரத்தின் அடிவயிற்று ஆவியைத் திருப்பிக் கொண்டுவரும் வளைந்த குழாயை நெரித்தார். இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு, எண்ணூறில் வந்து நின்றது. நெரிப்பை விட்டார்; ஊஞ்சல் ஆடிற்று. நெரித்தார், அடங்கிற்று. மூன்று தடவை செய்து காட்டினார். இதைவிடத் தெளிவான பரிசோதனையை நாம் எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்துகாட்டியதில்லை.

குழாயைக் கழற்றியபோது, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்து வளைவில் நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பன்னிரண்டு வருஷச் சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் இறுகி வெடித்திருந்தது. 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்ட 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று பெரியவர் அபிப்பிராயப்பட்டார். பழைய வண்டிகளின் பெட்ரோல் குழாய்களுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அந்தக் கலவை ஆகாது என்பது வாஸ்தவம். ஆயினும் இந்தக் குழாயில் போவது பெரும்பாலும் எண்ணெய் ஆவி. இந்த வழக்கில் எத்தனாலை விடுதலை செய்துவிடலாம் என்பதே நம் கட்சி. பெரியவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பையன் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தான். குழாயும் இரண்டு பிடிப்பு வளையங்களும் இருநூற்று எண்பது ரூபாய். கூலி எவ்வளவு என்று கேட்டதற்குப் பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு ஐந்நூறு என்றார். ஒரு முற்பகல் முழுவதும் அவர் கேட்ட கேள்விகளுக்கு அதில் கூலி சேரவில்லை. நம் நாட்டில் சாமானுக்கு விலை கொடுக்கிறோம், கையுழைப்புக்கு ஏதோ கொடுக்கிறோம். யோசித்துக் கண்டுபிடித்ததற்கு மட்டும் கணக்கில் பத்தி கிடையாது. பணிமனைக்காரர்கள் சாமானை மாற்றியே பிழைக்கவேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நாம் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தோம். வாங்கத் தயங்கினார், "பசங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றவர்கிட்ட எப்படி சார்..." என்றார். பையன் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை குரோம்பேட்டையில் தாயாரிடம் விவரம் சொன்னோம். படுக்கைக்குப் பக்கத்தில் இரத்தத்தைச் சுற்றவிடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 'எங்கேயோ காற்று உள்ளே போய்க்கொண்டிருந்ததாம்' என்றதும், மேலே விளக்கம் கேட்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த இயந்திரத்திலும், குழாயில் காற்றுக் குமிழி வந்துவிட்டால் கண்டுபிடித்து மணியடிக்க ஒரு கருவி உண்டு. அது அடித்தால் குழாய் தானே இடுக்கிக்கொள்ளும், தாதி ஓடிவருவாள். "எனக்கு மணியடிக்குது. அதுக்கு யார் அடிப்பா, பாவம்! ஊஞ்சலாடித்தான் சொல்லணும்" என்றார்.

இது நடந்து நான்கு மாதமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் பல்லாவரம் சந்திப்பில் வண்டி எண்ணூறு சுற்றில் சும்மா நிற்கிறது. வெடித்த பழைய குழாயைப் பெரியவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். அவர்கள் வாளித் தண்ணீரில் அதை அமிழ்த்தி, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் ஊதினார்கள். இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஒன்று நமக்குத் தெரிந்த வெடிப்பு. மற்றொன்று பிடிப்பு வளையத்தின் கீழே, ஊசிமுனை அளவு. பெரியவரின் காதுக்கும் எட்டாதது. அந்தச் செய்தியை அவரிடம் போய்ச் சொன்னோம். "எந்தப் பையன் சார் பார்த்தான்?" என்று கேட்டார். பையன் அல்ல, ஒரு பெண் என்றோம். "லீவுல கடைக்கு அனுப்பி வையுங்க" என்றார்.